அழித்த பின்னும் நின்ற வரி

இது சரியாகிவிட்டால் அப்புறம் எதைச் சொல்லி அவனைக் கூப்பிடுவது?

நினைப்பு வந்த வேகத்திலேயே அதைத் தள்ளிவிட்டு அம்சவல்லி கீழ் அம்புக்குறியை அமுக்கினாள். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் இரண்டு வரிகள் நின்றன. மேல் வரி, புது சிஸ்டம். கீழ் வரி, பழைய சிஸ்டம். அடியில் முப்பது, இருபத்தொன்பது, இருபத்தெட்டு என்று ஓர் எண் இறங்கிக்கொண்டிருந்தது. அது தீர்வதற்குள் கீழ் வரியைத் தேர்ந்தெடுத்துவிட வேண்டும். தவறினால் கம்ப்யூட்டர் தானாகவே மேல் வரிக்குள் போய்விடும். மேல் வரியில் எழுதியிருப்பது இப்போது கம்ப்யூட்டரில் இல்லை. காலி செய்துபோனவர்களின் கதவைத் தட்டிப் பார்த்தவனைப் போல அது நீலத் திரையைக் காட்டிக்கொண்டு அப்படியே நின்றுவிடும்.

“இன்னா அம்சா, இன்னுமா அது கேள்வி கேட்டுக்கினு கீது?” என்றார் அர்ச்சுனன். வார்டு மெம்பர். மனு அடிக்க வந்து அரை மணி நேரமாக ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

“தெனமும் கேக்குது மாமா. கரண்டு போய்ட்டு வந்தா மறுபடியும் கேக்குது.”

“ஒரு தபா சொன்னா புரியாதா அதுக்கு?”

புரியாதுதான். மலைமேல் இருக்கிற நெல்லிவாசல் நாட்டில் மின்சாரம் ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை போய்வரும். ஒவ்வொரு முறையும் அது புதிதாகக் கேட்கும். இந்த வீட்டில் ‘உனக்கு எது வேணும்?’ என்று அம்சவல்லியைக் கேட்பது அது ஒன்றுதான் என்பதை அவள் மெம்பரிடம் சொல்லவில்லை.

பொங்கலுக்கு மகன் நவீன்குமார் நான்கு நாள் வந்திருந்தபோது ஆரம்பித்தது இது. பெங்களூரில் அவனுக்கு வேலை. எங்கேயோ வெளிநாட்டில் இருக்கிறவர்களின் கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினால் உட்கார்ந்த இடத்திலிருந்தே சரிசெய்துகொடுப்பான். முன்னறையில் அம்மா மனுவும் கல்யாணப் பத்திரிகையும் அடித்துக்கொண்டிருந்த கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, “இது ரொம்பப் பழசும்மா” என்று பக்கத்திலேயே ஒரு புது சிஸ்டத்தைப் போட்டுக் கொடுத்தான். புதியதில் அவளுக்குப் பழகிய தமிழ் எழுத்து ஒன்றும் விழவில்லை. ‘க’ அமுக்கினால் கட்டம் வந்தது. ஊருக்குக் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் புதியதை அழித்துவிட்டு ஜீப்பில் ஏறிவிட்டான். சிஸ்டம் போயிற்று. அதன் பெயர் மட்டும் பட்டியலில், அதுவும் முதல் வரியில், தங்கிவிட்டது.

அதில் அம்சவல்லிக்குப் பெரிய ஆச்சரியம் இல்லை. குடகுக் காப்பித் தோட்டத்துக்கு வேலைக்குப் போன புருஷன் கிருஷ்ணன் அங்கேயே வேறு குடும்பம் வைத்துக்கொண்டு எட்டு வருஷம் ஆகிறது. ரேஷன் கார்டில் முதல் பெயர் இன்னும் அவனுடையதுதான்.

“பேரை எடுத்துடு அம்சா, நானே மனு எழுதித் தர்றேன்” என்று மெம்பர்கூட ஒருமுறை சொன்னார். ஊருக்கெல்லாம் மனு அடிக்கிறவளிடம் மனு எழுதித் தருகிறேன் என்றதை நினைத்து அவள் அன்றைக்குத் தனியாகச் சிரித்தாள். பெயரை எடுக்கவில்லை.

ஊரில் போன் எடுக்காது. பள்ளிக்கூடத்துக்கு மேலே, கால் மணி நேரம் ஏறினால் ஒரு பாறை. முன்பு சாமை காயவைத்த இடம். இப்போது அதற்குப் பேச்சுப்பாறை என்று பெயர். அடிவாரத்து ஆலங்காயம் பக்கம் பார்த்து அதன் மேட்டில் நின்றால் இரண்டு கோடு சிக்னல் வரும். ஒருவர் பேசும்போது மற்றவர்கள் கீழே முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்க வேண்டும். காது கேட்கத்தான் செய்யும். ஆனால் பாறையில் கேட்டதைப் பாறையிலேயே விட்டுவிட்டு இறங்க வேண்டும் என்பது ஊர்க்கட்டு. ஒருவன் யாரோ பெண் பார்த்த விஷயத்தைக் கீழே போய் அவிழ்த்துவிட்டதற்காக, ஒரு மாதம் வரிசையில் எல்லாருக்கும் கடைசியாக நின்றான்.

பொங்கலுக்கு முன்பு அம்சவல்லி மாதத்துக்கு ஒரு முறை ஏறுவாள். “நல்லா கீறியா?” “நல்லா கீறேன்.” “சாப்ட்டியா?” “சாப்ட்டேன்.” அதற்கு மேல் இருவருக்கும் வார்த்தை கிடைக்காது. பின்னால் காத்திருக்கிறவர்களின் முதுகைப் பார்த்துக்கொண்டே வைத்துவிடுவாள்.

மேல் வரி தங்கிப்போனதை முதல்முறை சொன்னபோது அவன், “அது சின்ன வேலைம்மா. கம்ப்யூட்டர் முன்னாடி ஒக்காந்துக்கினு பேசு, சொல்றேன்” என்றான்.

“அதைத் தலையில தூக்கிக்கினு பாறை ஏறவா?”

அவன் சிரித்தான். எத்தனை நாளாயிற்று அந்தச் சிரிப்பைக் கேட்டு! அவள் நிற்கிற இடத்தைக்கூட மறந்து ஓர் அடி பின்னால் வைத்துவிட்டாள். சிக்னல் போய்விட்டது.

மறுநாள் நோட்டும் பேனாவுமாக ஏறினாள். அவன் ஒரு வார்த்தையை எழுத்து எழுத்தாகச் சொன்னான். கீழே போய் அதை அடித்தால் ஒரு பெட்டி திறக்கும், அதில் என்ன இருக்கிறது என்று அப்படியே எழுதிக்கொண்டு வரச் சொன்னான். இறங்கினாள். அடித்தாள். எழுதினாள். ஏறினாள்.

“மேல ரெண்டு வரி கீதுடா. கீழ முப்பதுன்னு ஒரு நம்பர். நடுவுல மூணு பட்டன். கடைசி பட்டன்ல டெலிட்னு போட்டுக்கீது. மேல் வரியைத் தொட்டு அதை அமுக்கிட்டா போய்டாதா?”

“டெலிட்டா...” என்று இழுத்தான்.

“ஐயோ, அதை மட்டும் தொட்டுடாதம்மா. எல்லாம் போய்டும்.”

நல்ல வேளை, கேட்டேன் என்று அவள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

“இன்னிக்கு இது போதும். நாளைக்கு அடுத்தது சொல்றேன்” என்றான். “அவசரமில்ல. இன்னா கொழம்பு?”

நோட்டின் இடது பக்கத்தில் அவன் சொன்ன வேலைகளை எழுதினாள். வலது பக்கம் சும்மாதானே கிடக்கிறது என்று, மற்றதை எழுதத் தொடங்கினாள். ‘ரசம் வைத்தானாம். மூன்று நாள் அதேதான்.’ ‘இருமல்.’ ‘ஞாயிற்றுக்கிழமை. இன்னாடா சத்தமே இல்லை என்றேன். ரூம்ல எல்லாரும் வெளியே போயிருக்காங்க என்றான்.’ நாள் ஆக ஆக வலது பக்கம் இடது பக்கத்தை முந்திக்கொண்டது.

முதல் வைத்தியம், முப்பதைக் குறைப்பது. “மூணுன்னு போடும்மா. அதுக்குக் கேக்கவே நேரம் இருக்காது.”

போட்டாள். கேட்பதை அது நிறுத்தவில்லை. பதில் சொல்ல இவளுக்குத்தான் நேரம் இல்லாமல் போயிற்று. மூன்று நொடிக்குள் கீழ் அம்புக்குறியை அமுக்காவிட்டால் நீலம். கேழ்வரகுக் களி கிண்டிக்கொண்டிருந்தபோது கரண்டு வந்தது. துடுப்போடு ஓடிவந்து அமுக்கினாள். கம்ப்யூட்டர் சரியான வரிக்குள் போனது. களி, கீபோர்டின் சந்துக்குள் போனது. அன்றிலிருந்து கீழ் அம்புக்குறி ஒருமுறை அமுக்கினால் நான்குமுறை இறங்கியது.

“அப்டியா?” என்றான் நவீன்குமார், மாலையில். குரலில் வருத்தம் இருந்த மாதிரியும் இல்லாத மாதிரியும் இருந்தது. “அப்டின்னா பெருசா போட்டுக்கோ. மூணு ஒன்பது. தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொன்பது.”

அது இரண்டாவது வைத்தியம். இப்போது எண் தீரப் பதினேழு நிமிஷம் ஆயிற்று. நேரம் கொஞ்சமாக இருந்தபோது ஓடிவந்தவள், நிறைய இருந்தபோது மறந்துபோனாள். பதினேழு நிமிஷம் இருக்கிறதே என்று துணி அலசப் போவாள். திரும்பி வந்தால் நீலம். இதற்குள் ஊரில் செய்தி பரவி, எண் இறங்குவதைப் பார்க்க நான்கு பேர் வாசலில் நின்றார்கள்.

“சைபர் வந்தா இன்னா ஆவும்?” என்று மெம்பர் கேட்டார்.

“நீலமா ஆவும் மாமா.”

“வெடிக்காதே?”

“வெடிக்காது.”

நாற்பது வந்ததும் அவர் எதற்கும் இருக்கட்டும் என்று எழுந்து சாலைக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார்.

மெம்பருக்கு இதில் ஓர் அவசரம் இருந்தது. வெள்ளிக்கிழமை ஆலங்காயத்தில் மனு வாங்க அதிகாரிகள் வருகிறார்கள். ஊருக்கு ஒரு செல்போன் கோபுரம் வேண்டும் என்று மனு. புதன்கிழமை அதை அம்சவல்லி அடித்து முடித்து, திரையிலேயே படித்துக் காட்டினாள்.

“‘எங்கள் ஊரில் யாரும் யாருடனும் பேச முடியாத நிலையில் வாழ்ந்து வருகிறோம்.’”

“இன்னா இது? ஊரே சண்ட போட்டுக்கினு பேச்ச வுட்ட மாதிரி கீது. ‘தொலைபேசியில்’னு ஒரு வார்த்த சேரு.”

சேர்த்தாள். சேர்த்த பிறகு அந்த வாக்கியம் முன்பளவுக்கு உண்மையாக இல்லை என்று தோன்றியது. ஆனால் மனு அவருடையது. பிரிண்ட் எடுக்கப் போகும்போது கரண்டு போயிற்று; பாறை ஏறுகிற நேரம்வரை வரவில்லை.

அன்று மாலை பாறையில் அவள் முதல்முறையாகக் கொஞ்சம் கடுமையாகப் பேசினாள். “டேய், ஊர் மனுடா. நாளைக்கு சரியாவணும். அமெரிக்காக்காரனுக்கெல்லாம் அஞ்சு நிமிஷத்துல பண்றே. பெத்தவளுக்கு ரெண்டு மாசமா?”

அந்தப் பக்கம் மின்விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது.

“சரிம்மா” என்றான். “அந்தப் பெட்டிக்குள்ள, கீழ, சேஃப்னு ஒண்ணு இருக்கும். அதுல ஒரு டிக் போடு. போட்டுட்டு வந்து எப்டி கீதுன்னு சொல்லு.”

அது மூன்றாவது. டிக் போட்டாள். மறுபடி திறந்தபோது எழுத்தெல்லாம் பூசணிக்காய் அளவுக்குப் பெருத்திருந்தது. பின்னணியில் இருந்த பொங்கல் போட்டோ போய்க் கறுப்பு வந்திருந்தது. திரையின் நான்கு மூலையிலும் ஒரே வார்த்தை. மனு திறந்தது. பிரிண்டர் மட்டும் அப்படி ஒன்று இந்த வீட்டிலேயே இல்லை என்பதுபோலக் கிடந்தது.

வியாழக்கிழமை காலையில் வந்த மெம்பர் திரையைப் பார்த்துப் பின்வாங்கினார். “நாலு மூலையிலயும் இன்னா எழுதிக்கீது? வூட்டுக்குத் தகடு பொதைச்ச மாதிரி?”

“சேஃப்னு போட்டுக்கீது. பத்திரம்னு அர்த்தம்.”

“பத்திரமா இருந்துக்கினு இன்னா பண்ணுது?”

“ஒண்ணும் பண்ணாது மாமா. பத்திரமா மட்டும் இருக்கும்.”

சொல்லிவிட்டு அவள் கொஞ்ச நேரம் அந்த வார்த்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டு வருஷமாக இந்த வீட்டின் நான்கு மூலையிலும் அதைத்தான் எழுதி வைத்திருக்கிறேனோ? விளக்கு எரிகிறது, அடுப்பு எரிகிறது, எல்லாம் பத்திரமாக இருக்கிறது. வெளியே எதுவும் அச்சாகி வருவதில்லை.

“இது வேலைக்கு ஆவாது” என்றார் மெம்பர். “மத்தியானம் ஜீப்பு வருது. தூக்கிப்போட்டுக்கினு ஆலங்காயம் போய்டலாம். கடையில சொல்லி மொத்தமா அழிச்சுட்டு புதுசா போட்டுக்கினு வந்துடலாம். உன் புள்ளையக் கேட்டுக்கினு இருந்தா நாம டவர் வாங்குன மாதிரிதான்.”

“மொத்தமாவா?”

“பின்னே? அந்த ரெண்டு வரியும் போய்டும். சனியன் வுட்டுது.”

அவர் ஜீப்புக்குச் சொல்லப் போனார். அம்சவல்லி வயர்களைக் கழற்ற உட்கார்ந்தாள். ஒன்றைக்கூடக் கழற்றவில்லை. சாயங்காலம் நான்கு மணிக்கு ஏறி, ‘சரியாய்டிச்சிடா’ என்று சொல்ல வேண்டும். அவன் ‘அப்பாடா’ என்பான். ‘நல்லா கீறியா?’ ‘நல்லா கீறேன்.’ ‘சாப்ட்டியா?’ ‘சாப்ட்டேன்.’ அப்புறம் முதுகுகள்.

“அக்கா, தடுப்பூசி நோட்டீஸ் ஒண்ணு பிரிண்ட் எடுக்கணும்” என்று உள்ளே வந்தாள் இளவரசி. துணை சுகாதார நிலையத்து நர்ஸ். மலைக்கு வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. “எதுனா சந்தேகம்னா என் புள்ளைய கேளு, கம்ப்யூட்டர்ல அவனுக்குத் தெரியாதது இல்ல” என்று அம்சவல்லியே அவளிடம் நவீன்குமாரின் நம்பரைக் கொடுத்திருந்தாள்.

“எங்கம்மா எடுக்கறது? பிரிண்டர் செத்துப்போச்சு. இதையே ஜீப்புல ஏத்தப்போறாங்க.”

இளவரசி திரையைப் பார்த்தாள். நான்கு மூலையையும் பார்த்தாள். “இது சேஃப் மோடுக்கா. டிக்கை எடுத்துட்டா போதும். யாரு போடச் சொன்னது?”

“நவீனு.”

இளவரசி ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். பெட்டியைத் திறந்து டிக்கை எடுத்து, மறுபடி ஓடவிட்டாள். கறுப்புத் திரை, இரண்டு வரிகள், தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது. கீழ் வரி. பொங்கல் போட்டோ திரும்பி வந்தது. பிரிண்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு, ‘எங்கள் ஊரில் யாரும் யாருடனும் தொலைபேசியில்’ என்று ஆரம்பித்து மனுவை மூன்று பிரதி தள்ளியது. கூடவே தடுப்பூசி நோட்டீசும்.

மெம்பர் ஓடிவந்து இன்னும் சூடு ஆறாத தாளை வாங்கி முகர்ந்துகூடப் பார்த்தார். “நர்ஸம்மா, ஊசி போடுற கைன்னு நெனச்சேன். பெரிய ஆளுதான் நீ” என்றவர், ஜீப்பை என்ன செய்வது என்று தெரியாமல் அதிலேயே ஏறி உட்கார்ந்துகொண்டு, “அந்த மேல் வரியையும் எடுத்துடும்மா, புண்ணியமாப் போவும்” என்று வெளியிலிருந்து கத்தினார்.

இளவரசி பெட்டியை மறுபடி திறந்தாள். அதே இரண்டு வரி, அதே மூன்று பட்டன். மௌஸில் கையை வைத்துக்கொண்டு திரும்பினாள்.

“அக்கா, பாறையில பேசினதைக் கீழ சொல்லக் கூடாதுதான்.”

“சொல்லக் கூடாது.”

“தெரியும். ஆனா ஜீப்புல ஏத்துற வரைக்கும் போய்டுச்சே.” குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “என் லேப்டாப்லயும் போன மாசம் இதே ரெண்டு வரிதான் நின்னுச்சி. உங்க பையனுக்குத்தான் போன் போட்டேன். பாறையில ஒக்காந்துக்கினு மடியில வெச்சே பண்ணேன். மேல் வரியைத் தொடுங்க, டெலிட் அமுக்குங்க, அவ்ளோதான்னாரு. ரெண்டு நிமிஷம்கூட ஆவலை.”

“டெலிட்டா? அமுக்குனா எல்லாம் போய்டுமே?”

“எதுவும் போவாதுக்கா. அந்த வரி மட்டும்தான் போவும்.”

அம்சவல்லி திரும்பிப் பார்த்தாள். மேசைமேல் நோட்டு திறந்தபடி இருந்தது. இடது பக்கம் ‘சேஃப், டிக்’ என்று ஒரே வரி. வலது பக்கம் முழுக்க அவளுடைய எழுத்து. ‘இன்றைக்கும் சத்தமே இல்லை. ரூமில் இப்போது இவன் ஒருத்தன்தானாம்.’

“‘அம்மாவோடதும் இதேதானே, ஏன் சொல்ல மாட்றீங்க?’ன்னு கேட்டேன்” என்றாள் இளவரசி. “அதுக்கு அவரு, ‘அதை எடுத்துட்டா எங்கம்மா இன்னாத்துக்குப் பாறை ஏறி எனக்குப் போன் போடும்?’னாரு.”

வாசலில் ஜீப்பின் ஹாரன் அடித்தது. மேல் வரி நீலமாக ஒளிர்ந்தது. அம்பு, கடைசிப் பட்டனின் மேல் போய் நின்றது.

“அமுக்கிடட்டுமாக்கா?”

அம்சவல்லி மௌஸை அவள் கையிலிருந்து மெதுவாக எடுத்து இந்தப் பக்கம் வைத்தாள். பேனாவைத் தேடி நோட்டுக்குள் செருகினாள். மணி மூன்றரை ஆகியிருந்தது.

“வேணாம்மா” என்றாள். “அதை மட்டும் தொட்டுடாத. எல்லாம் போய்டும்.”